முடி கொட்டுகிறதா? முதலில் மூன்று மாதம் பின்னால் போய்ப் பாருங்கள்

சில வருஷங்களுக்கு முன்னால் எனக்கு டைபாய்டு வந்தது. பத்து நாள் படுக்கை, அப்புறம் மெதுவாகத் தேறி, சாப்பாடு தூக்கம் எல்லாம் பழையபடி ஆகி, சரி எல்லாம் முடிந்தது என்று நினைத்த நேரத்தில் முடி கொட்டத் தொடங்கியது. சும்மா நாலைந்து முடி இல்லை. தலையில் விரலை விட்டு எடுத்தால் கையோடு வந்தது, குளிக்கும்போது தண்ணீர் போகும் ஓட்டை அடைத்துக்கொண்டது. காய்ச்சல் வந்து மூன்று மாதம் ஆகியிருந்ததால் அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று தோன்றவே இல்லை. ஷாம்பூவை மாற்றினேன், தண்ணீர் சேரவில்லை என்று நினைத்தேன், எண்ணெயை மாற்றினேன். நாலைந்து மாதத்தில் கொட்டுவது நின்றது. கடைசியாகத் தேய்த்த எண்ணெய்தான் காப்பாற்றியது என்று நம்பி, கேட்டவர்களுக்கெல்லாம் அதைச் சொன்னேன். அதில் ஒரு தோழிக்கு உண்மையில் இருந்தது தைராய்டு பிரச்சினை. என் பேச்சைக் கேட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டே இருந்தவளுக்கு அது தெரியவர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அது எனக்கு இன்றும் உறுத்துகிறது. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. ஆனால் முடி ஏன் கொட்டுகிறது என்று ஒருவர் தானே எவ்வளவு தூரம் கண்டுபிடிக்கலாம், எந்த இடத்தில் நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும் என்பதை அப்போதிருந்து தேடித் தேடிப் படித்திருக்கிறேன்.

முடிக்கு ஒரு கணக்கு இருக்கிறது

தலையில் ஏறக்குறைய 1 லட்சம் மயிர்க்கால்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒரு சுற்றில் ஓடுகிறது. 2 முதல் 6 வருஷம் வரை முடி வளரும், பிறகு 2, 3 வாரத்தில் வளர்ச்சி நிற்கும், அதன்பின் சுமார் 3 மாதம் அந்த முடி ஒன்றும் செய்யாமல் அப்படியே உட்கார்ந்திருக்கும், கடைசியில் விழும். அதே மயிர்க்காலில் புதிய முடி முளைக்கும். எந்த நேரத்தில் எடுத்துப் பார்த்தாலும் நூற்றுக்கு 85, 90 முடி வளர்ந்துகொண்டிருக்கும், பத்து சொச்சம் ஓய்வில் இருக்கும்.

இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 லட்சத்தில் பத்தில் ஒரு பங்கு என்றால் 10,000 முடி. அவை சுமார் 100 நாளில் விழ வேண்டும். அப்படியானால் ஒரு நாளைக்கு 100. "தினம் 50 முதல் 100 முடி விழுவது இயல்பு" என்று எல்லோரும் சொல்வது இந்தக் கணக்கோடு பொருந்திப் போகிறது. இரண்டு மூன்று நாள் தலைக்குக் குளிக்காமல் இருந்து குளித்தால் அத்தனை நாள் முடியும் சேர்ந்து ஒரே நாளில் வரும். குளித்ததால் கொட்டியது என்று பயந்து குளிப்பதையே குறைப்பவர்கள் நிறையப் பேர், அது வேண்டாம். அந்த முடி எப்படியும் விழத்தான் போகிறது.

இன்னொன்று. முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளரும். வளரும் காலம் 2 வருஷமே என்றால் 24 சென்டிமீட்டரோடு நின்றுவிடும், 6 வருஷம் என்றால் 70 சென்டிமீட்டரைத் தாண்டும். என்ன செய்தாலும் தோளைத் தாண்டி வளரவில்லை என்று வருத்தப்படுகிறவர்களுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான், அது நோய் இல்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். உடம்புக்கு ஒரு பெரிய அதிர்ச்சி வந்தால், கடும் காய்ச்சலோ, அறுவை சிகிச்சையோ, பிரசவமோ, பட்டினி கிடந்து திடீரென்று எடை குறைத்ததோ, தாங்க முடியாத துக்கமோ, வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் ஒரு பெரிய கூட்டம் சேர்ந்தாற்போல் ஓய்வுக்குப் போய்விடும். அப்போது வெளியே எதுவும் தெரியாது. அவை விழுவதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். நாம் அதற்குள் காய்ச்சலை மறந்திருப்போம், போன வாரம் வாங்கிய ஷாம்பூ மீது பழி விழும். இன்று கையில் வரும் முடி விழ வேண்டும் என்பது மூன்று மாதத்துக்கு முன்பே முடிவாகிவிட்டது.

வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

ஒரு தாளை எடுத்து மூன்று மாதத்துக்கு முந்தைய தேதியைப் போட்டு, அதற்கு ஒரு மாதம் முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று எழுதுங்கள். காய்ச்சல், ஆஸ்பத்திரி, புதிதாகத் தொடங்கிய அல்லது நிறுத்திய மாத்திரை (கருத்தடை மாத்திரையும் சேர்த்து), டயட், இழப்பு, தூக்கமில்லாத மாதம், எது இருந்தாலும். ஏதாவது தெளிவாகக் கிடைத்து, முடி தலை முழுக்கச் சீராகக் கொட்டுகிறது, எங்கும் தனியாக வழுக்கை விழவில்லை என்றால் பாதி பதில் கிடைத்த மாதிரி. இந்த வகை உதிர்வு பெரும்பாலும் 6 மாதத்துக்குள் தானாக அடங்கும், மயிர்க்கால் சாகவில்லை என்பதால் முடி திரும்ப வரும். பிரசவத்துக்குப் பிறகு கொட்டுவதும் இதே கதைதான். கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் அதிகமாக இருந்து, விழ வேண்டிய முடியையெல்லாம் பிடித்து வைத்திருக்கும். பிரசவத்துக்குப் பின் ஈஸ்ட்ரோஜன் இறங்கியதும் பாக்கி வைத்ததெல்லாம் ஒன்றாக விழும். குழந்தைக்கு ஒரு வயது ஆகும்போது பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும். பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு தூக்கம் இல்லாமல் இருக்கும் ஒரு பெண்ணிடம் போய் "என்ன இப்படிக் கொட்டுது, எதுவும் பண்ணலையா" என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

அடுத்து, விழுந்த முடியில் இருபதை எடுத்து, வெள்ளைத் தாளிலும் அப்புறம் கறுப்புத் துணியிலும் வைத்துப் பாருங்கள். ஒரு நுனியில் குண்டூசித் தலைபோல் சின்னதாக வெள்ளை உருண்டை இருக்கிறதா? "வேரோடு பிடுங்கிக்கொண்டு வருகிறது" என்று பலர் அலறுவது இதைப் பார்த்துத்தான். அது வேர் இல்லை. ஓய்வுக் காலம் முடிந்து முறைப்படி விழுந்த முடியின் அடிப்பகுதி அது, மயிர்க்கால் தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது. இரண்டு நுனியிலும் உருண்டையே இல்லாமல், நீளமும் ஆளுக்கொன்றாக இருந்தால் அது உதிர்தல் இல்லை, உடைதல். ப்ளீச், கலரிங், ஸ்ட்ரெய்ட்டனிங், சூடான இரும்பு, ஈரத் தலையில் முரட்டுத்தனமாகச் சீவுவது, உப்புத் தண்ணீரில் முடி சொரசொரப்பாகிப் போவது எல்லாம் இந்தக் கணக்கில் வரும். எண்ணெயும் கண்டிஷனரும் உண்மையில் உதவுவது இங்கேதான், முடித் தண்டின்மேல் ஒரு பூச்சாக இருந்து உடைவதைக் குறைக்கும். உடைகிற முடிக்கு எண்ணெய் நல்லது, உடம்புக்குள் இரும்புச்சத்து குறைந்து கொட்டுகிற முடிக்கு அதனால் ஒன்றும் ஆகாது. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்திருந்தால் என் தோழி ஒரு வருஷத்தை இழந்திருக்க மாட்டாள்.

விழுந்தவற்றில் 3 சென்டிமீட்டர்கூட இல்லாத, பூனைமுடி மாதிரி மெல்லியவை நிறைய இருந்தால் கவனியுங்கள், அதற்குக் கீழே வருகிறேன்.

தோல் மருத்துவர்கள் செய்யும் ஒரு சின்னச் சோதனையை நீங்களும் செய்து பார்க்கலாம். தலைக்குக் குளித்த அன்று வேண்டாம். சுமார் 60 முடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, அடியிலிருந்து நுனி வரை இதமாக உருவுங்கள். 5 வரை வந்தால் கவலை இல்லை. 6 அல்லது அதற்கு மேல் வந்தால் உதிர்வு மும்முரமாக நடக்கிறது என்று அர்த்தம். உச்சி, இரண்டு பக்கம், பின்னந்தலை என நாலு இடத்திலும் செய்யுங்கள். ஆனால் தினமும் செய்யாதீர்கள், மாதத்துக்கு ஒருமுறை போதும். தினம் முடியை எண்ணுகிறவர்களை எனக்குத் தெரியும், அவர்களுடைய நாள் முழுக்க அந்த எண்ணிலேயே போய்விடுகிறது.

கொட்டாமலே குறையும் முடி

வழுக்கை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு முடி கொட்டி வருவது இல்லை, முடி மெலிந்து வருவது. ஆண்களுக்கு நெற்றியின் இரு ஓரமும் ஏறும், உச்சந்தலை தெரியும். பெண்களுக்கு முன்நெற்றிக் கோடு அப்படியே இருக்கும், வகிடு மட்டும் வருஷா வருஷம் அகலமாகிக்கொண்டு போகும். சீப்பில் பெரிதாக முடி இருக்காது, ஆனால் பழைய போட்டோவைப் பார்த்தால் தூக்கிவாரிப்போடும். ஏறக்குறைய பாதி அடர்த்தி போன பிறகுதான் கண்ணுக்கே தெரியும் என்பதால் பலரும் தாமதமாகத்தான் கவனிக்கிறார்கள்.

ஆண்களுக்கு இது நடக்கும் விதம்: டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை உடம்பில் இருக்கும் ஒரு நொதி (என்சைம்) டிஹெச்டி என்கிற இன்னொரு ஹார்மோனாக மாற்றுகிறது. நெற்றியிலும் உச்சியிலும் இருக்கும் மயிர்க்கால்கள் பரம்பரையாகவே டிஹெச்டியைத் தாங்காதவையாக இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் வளரும் காலம் குறைந்துகொண்டே வரும். 4 வருஷம் வளர்ந்த முடி 2 வருஷம், பிறகு சில மாதம், கடைசியில் பஞ்சு மாதிரி ஒரு இழை. நான் மேலே சொன்ன குட்டி முடிகள் அவைதான். பின்னந்தலை முடிக்கு டிஹெச்டியால் இந்தப் பாதிப்பு வராது, அதனால்தான் முழு வழுக்கை விழுந்தவருக்கும் பின்னால் ஒரு வளையம் நிற்கிறது, முடி மாற்று சிகிச்சைக்கும் அங்கிருந்துதான் எடுக்கிறார்கள். பெண்களுக்கு வகிடு அகலமாவதில் ஹார்மோனின் பங்கு இவ்வளவு தெளிவாக இல்லை, பலருக்கு ரத்தத்தில் ஹார்மோன் அளவெல்லாம் சரியாகவே இருக்கும்.

இதில் இரண்டு விஷயங்களைச் சொல்லியே ஆக வேண்டும். வழுக்கை விழுந்தவருக்கு ஆண் ஹார்மோன் அதிகம் என்பது தவறு. அளவு சாதாரணமாகத்தான் இருக்கும், மயிர்க்கால் அதைத் தாங்காததுதான் பிரச்சினை. அதேபோல் அம்மா வழித் தாத்தாவைப் பார்த்தால் போதும் என்பதும் முழு உண்மை இல்லை. ஆண்களுக்கு அம்மாவிடமிருந்து வரும் எக்ஸ் குரோமோசோமில் ஒரு முக்கியமான மரபணு இருப்பது நிஜம், ஆனால் வேறு பல மரபணுக்கள் அப்பாவிடமிருந்தும் வருகின்றன.

இது ஹார்மோன் விஷயம் என்று தெரியவந்த கதையும் சுவாரசியமானது. 1942ல் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், பருவம் அடையும் முன்பே விரை அகற்றப்பட்ட ஆண்களுக்கு வழுக்கையே விழுவதில்லை, ஆண் ஹார்மோன் கொடுத்தால் பரம்பரையில் வழுக்கை உள்ளவர்களுக்கு விழுகிறது என்று எழுதினார். 1970களில் டொமினிகன் குடியரசில், டிஹெச்டியை உண்டாக்கும் நொதி பிறவியிலேயே குறைவாக இருந்த ஒரு கூட்டத்தை ஆராய்ந்தபோது, அந்த ஆண்களுக்கும் வழுக்கை விழவில்லை என்று தெரிந்தது. அந்த நொதியைத் தடுக்கும் மாத்திரை, ஃபினாஸ்டிரைடு, உருவாக அதுவே வழி காட்டியது. 1997ல் அமெரிக்காவில் ஆண்களின் வழுக்கைக்கு 1 மில்லிகிராம் அளவில் அதற்கு அனுமதி கிடைத்தது.

பெண்களுக்கு வகிடு அகலமாவதோடு மாதவிடாய் தள்ளிப் போவது, முகத்தில் முடி, அடங்காத பரு இவையும் சேர்ந்திருந்தால் பிசிஓஎஸ் (சினைப்பையோடு சம்பந்தப்பட்ட ஹார்மோன் கோளாறு) இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். தலையில் மருந்து தடவுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை அது.

வட்டம், செதில், வடு

நேற்று வரை இருந்த முடி இன்று ஒரு காசு அளவு வட்டமாக, வழுவழுப்பாகப் போயிருந்தால் அது புழுவெட்டு. பெயரில்தான் புழு. உள்ளே எந்தப் புழுவும் கிடையாது, தொற்றவும் தொற்றாது. நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே மயிர்க்காலைத் தாக்குகிறது. வட்டத்தின் ஓரத்தில் அடியில் மெலிந்து மேலே தடித்த, ஆச்சரியக்குறி போன்ற குட்டி முடிகள் இருக்கும், சிலருக்கு நகத்தில் குண்டூசி குத்தினாற்போல் குழிகளும் விழும். ஒன்றிரண்டு வட்டம் என்றால் பலருக்கு ஒரு வருஷத்துக்குள் தானாகவே முளைத்துவிடும், முதலில் வெள்ளையாக வந்து பிறகு கறுக்கும். அதிகம் பரவினவர்களுக்கு 2022 முதல் புதிய வகை மாத்திரைகள் வந்திருக்கின்றன. எரியும்படி எதையாவது அரைத்துத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்கிக்கொள்வது மட்டும் வேண்டாம்.

குழந்தைக்கு வட்டமாக முடி போய், அங்கே செதில் உதிர்ந்து, முடி தோலோடு ஒட்டி ஒடிந்து கறுப்புப் புள்ளியாகத் தெரிந்து, அரிப்பும் இருந்தால் அது பூஞ்சைத் தொற்று, தலையில் வரும் படர்தாமரை. இது தொற்றும். பூஞ்சை முடிக்குள்ளேயே இருப்பதால் மேலே தடவும் களிம்பு மட்டும் போதாது, உள்ளுக்கு மருந்து தேவை. ஆகவே டாக்டரிடம் போங்கள், சீப்பையும் தொப்பியையும் தனியாக வையுங்கள்.

காத்திருக்கவே கூடாத ஒன்று இருக்கிறது. முடி போன இடத்தில் தோல் பளபளவென்று, துவாரமே தெரியாமல் வழுவழுப்பாகி, எரிச்சல், வலி, சிவப்பு, சீழ் இவற்றில் எதுவாவது இருந்தால் மயிர்க்கால் வடுவாகிக்கொண்டிருக்கலாம். வடுவான மயிர்க்காலில் முடி திரும்ப வராது. சிகிச்சை செய்து மிச்சமிருப்பதைத்தான் காப்பாற்ற முடியும் என்பதால் ஒவ்வொரு வாரமும் கணக்கு. நேரே தோல் மருத்துவரிடம் போங்கள்.

இழுத்து இறுக்கிக் கட்டும் கொண்டை, இறுக்கமான பின்னல், ஒட்டுமுடி இவற்றால் நெற்றி ஓரமும் காதுப் பக்கமும் தேய்வதும் இப்படித்தான். ஆரம்பத்தில் தளர்த்தினால் திரும்ப வரும், வருஷக்கணக்கில் விட்டால் வராது. சின்னப் பெண்களுக்குத் தலை வாரும்போது "வலிக்குது" என்று சொன்னால் அந்த நொடியே தளர்த்துங்கள்.

டாக்டரிடம் போகும்போது

தோல் மருத்துவர் பெரும்பாலும் எழுதித் தரும் ரத்தப் பரிசோதனைகள்: முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், தைராய்டுக்கான டிஎஸ்ஹெச், சிலருக்கு வைட்டமின் டி. ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்பதோடு விட்டுவிடாதீர்கள். ஃபெரிட்டின் என்பது உடம்பில் சேமிப்பாக இருக்கும் இரும்பின் அளவைக் காட்டுவது, ஹீமோகுளோபின் குறைவதற்கு முன்பே அது கரைந்துவிடும். மாதவிடாயில் அதிகம் ரத்தம் போகிறவர்கள் இதைக் கேட்டு எடுத்துக்கொள்வது நல்லது.

பயோட்டின் (முடிக்கென்று விற்கும் ஒரு பி வைட்டமின்) மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் பரிசோதனைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அது தைராய்டு பரிசோதனையைத் தவறாகக் காட்ட வைக்கும், மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பரிசோதனையைக்கூடக் குழப்பும், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017லேயே இதைப் பற்றி எச்சரித்தது. பயோட்டின் குறைபாடு உண்மையில் அரிது, அது இல்லாதவருக்கு அந்த மாத்திரையால் முடி வளரும் என்பதற்கு நல்ல ஆதாரமும் இல்லை. வைட்டமின் ஏ, செலினியம் இரண்டும் அளவுக்கு மிஞ்சினால் முடியைக் கொட்டவே வைக்கும். "சத்து மாத்திரைதானே" என்று கைக்கு வந்ததைச் சேர்த்துச் சாப்பிடாதீர்கள்.

நீங்கள் சாப்பிடும் மருந்துகளின் பட்டியலையும் கொண்டுபோங்கள். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுப்பவை, சில ரத்த அழுத்த மருந்துகள், வலிப்பு மருந்துகள், மனநல மருந்துகள் என முடியைப் பாதிப்பவை பல. சந்தேகம் வந்தால் டாக்டரைக் கேளுங்கள், தானாக நிறுத்திவிடாதீர்கள். கீமோ சிகிச்சையில் கொட்டுவது வேறு வகை, அங்கே வளரும் முடியே அடிபடுவதால் மூன்று மாதம் ஆகாது, இரண்டு மூன்று வாரத்திலேயே விழும். சிகிச்சை முடிந்ததும் பெரும்பாலோருக்குத் திரும்ப முளைக்கும்.

மருந்து என்று வந்தால் மினாக்ஸிடில் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த மாத்திரை அது, சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததைப் பார்த்து, தலையில் தடவும் மருந்தாக்கினார்கள், 1988ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தொடங்கிய முதல் சில வாரங்களில் முடி இன்னும் அதிகமாகக் கொட்டலாம். ஓய்வில் இருக்கும் முடியைத் தள்ளிவிட்டுப் புதியது கிளம்புவதால் அப்படி. பலரும் அங்கேதான் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். பலன் தெரிய 4 முதல் 6 மாதம் ஆகும், நிறுத்தினால் கிடைத்ததும் போகும். வீட்டில் பூனை இருந்தால் மிகவும் கவனம், அதை நக்கினால் பூனையின் உயிருக்கே ஆபத்து. ஃபினாஸ்டிரைடு டாக்டர் சொல்லி மட்டுமே சாப்பிட வேண்டியது. சிலருக்குப் பாலுறவு சார்ந்த பக்கவிளைவுகள் வரும், கர்ப்பமாக இருப்பவர்கள் உடைந்த மாத்திரையைக் கையால் தொடவே கூடாது.

மொட்டை அடித்தால் அடர்த்தியாக வளரும் என்பதும், ஹெல்மெட் போட்டால் வழுக்கை விழும் என்பதும் உண்மை இல்லை. ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள்.

மாதம் ஒருமுறை, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், காய்ந்த தலையில் வகிட்டையும் நெற்றியையும் உச்சியையும் போட்டோ எடுத்து வையுங்கள். டாக்டருக்கு அது உங்கள் நினைவைவிடப் பயன்படும். கொட்டுவது அடங்கிய சமயத்தில் நெற்றிக் கோட்டோரம் குட்டி முடிகள் சிலுப்பிக்கொண்டு நிற்கும். ஐயோ உடைகிறதே என்று அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், நுனியைப் பாருங்கள். உடைந்த முடியின் நுனி வெட்டினாற்போலவோ பிளந்தோ இருக்கும், புதிதாக முளைத்ததன் நுனி ஊசிபோல் கூராக இருக்கும். கூராக இருந்தால் ஒரு அளவுகோலை வைத்து அளந்து பாருங்கள். 3 சென்டிமீட்டர் இருந்தால், அது கிளம்பி ஏற்கெனவே மூன்று மாதம் ஆகிவிட்டது.